சாலி சக்கர்மேன்

சாலி சக்கர்மேன் (மே 30, 1904 – ஏப்ரல் 1, 1993) தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்த பிரித்தானிய உடற்கூற்றியலாளர் ஆவார். குரங்குகளின் சமூக வாழ்வு குறித்த ஆய்வுக்காகப் பரவலாக அறியப்படும் இவருக்குத் தமிழ்நாட்டுடனும் தொடர்புண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளை அளந்து இவர் எழுதிய ஆய்வைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930 இல் வெளியிட்டது. மண்டையோட்டு அளவைக் கொண்டு மக்களை இனங்களாகப் பகுக்கும் அக்கால முறை இன்று ஏற்கப்படுவதில்லை. இந்திய மானிடவியல் அளவாய்வகம் ஆதிச்சநல்லூர் எலும்புகளை மீண்டும் ஆராய்ந்து 1963 இல் அறிக்கை வெளியிட்டது.

இரண்டாம் உலகப்போரின்போது குண்டுவெடிப்புக் காயங்களை ஆராய்ந்தார். வெளிக்காயமின்றி இறந்தவர்களின் நுரையீரல் சிதைவுக்குக் காரணம் வாய்வழியே புகும் காற்று அன்று, மார்புச் சுவரைத் தாக்கும் அழுத்த அலையே என்பதை விலங்குச் சோதனைகள் மூலம் காட்டினார். இதுவே இவரது சிறந்த பணி எனலாம். குடிமக்களுக்கான தலைக்கவசம் ஒன்றும் இவர் பெயரால் வழங்கியது. 1964 முதல் 1971 வரை பிரித்தானிய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்தார்.