பிரான்சிஸ் ஸ்பிரிங்

சர் பிரான்சிஸ் ஜோசப் எட்வர்ட் ஸ்பிரிங் (1849 – 1933) அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு கட்டுமானப் பொறியாளர் ஆவார். இந்திய இருப்புப்பாதைகளில் நெடுங்காலம் பணியாற்றிய இவர், 1904 முதல் 1919 வரை சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தார். தமிழ்நாட்டில் பலரும் இவரைக் கணித மேதை இராமானுஜனின் மேலதிகாரியாகவே அறிவர். ஆயினும் ஆற்றுப்பெருக்கு, கடலலை, நகரும் மணல் ஆகியவற்றிலிருந்து கட்டுமானங்களைக் காப்பதே இவருடைய வாழ்நாட்பணியாக இருந்தது.

இருப்புப்பாதைப் பணி

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்ற ஸ்பிரிங், 1870இல் இந்திய அரசின் பொறியியல் பணியில் சேர்ந்தார். பின்னர் வங்கக் கடலை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரை இருப்புப்பாதையின் பணிகளில் முக்கியப் பங்கு வகித்தார்.

இத்தகைய பாதைகளுக்குப் பெரிய இடையூறு அகன்ற ஆறுகளேயாகும். மணற்படுகையில் ஓடும் ஆறு ஆண்டுதோறும் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். பாலத்தை விட்டு விலகி, பாலத்திற்கு இட்டுச்செல்லும் மண் கரையை அது அரித்துவிட்டால் பாலம் இருந்தும் பயனில்லை. இதற்கு ஜே. ஆர். பெல் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டிருந்தார். பாலத்தின் இருமுனைகளிலும் ஆற்றின் போக்கிலேயே நீண்ட கரைகளை எழுப்பி, அவற்றின் அடியில் கற்களைப் பரப்பி வைப்பது அம்முறை. வெள்ளம் அடிமண்ணை அரிக்கும்போது கற்கள் அந்தப் பள்ளத்துள் தாமே சரிந்து மேலும் அரிப்பு நேராமல் மூடிக்கொள்ளும். ஸ்பிரிங் இம்முறையை ஆராய்ந்து, கரையின் வடிவம், கல்லின் அளவு முதலியவற்றை வரையறுத்து எழுதிய நூல் 1903இல் வெளிவந்தது. இந்தியப் பொறியாளர்கள் நெடுங்காலம் இதனைக் கையேடாகப் பயன்படுத்தினர்.

சென்னைத் துறைமுகம்

ஸ்பிரிங் பொறுப்பேற்றபோது சென்னைத் துறைமுகம் பெரும் பணத்தை விழுங்கிய, ஓரளவே பயன்பட்ட ஒரு கட்டுமானமாக இருந்தது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அத்துறைமுகம் கடலுக்குள் நீளும் இரு அலைதாங்கிச் சுவர்களைக் கொண்டது. வாயில் நேர் கிழக்கே திறந்திருந்தது. 1881 நவம்பரில் வீசிய புயலில் அரை மைலுக்கும் மேற்பட்ட சுவர் சரிந்தது. 1890களில் மீண்டும் கட்டி முடித்த பின்னரும் வாயில் கிழக்கு நோக்கியே இருந்ததால், புயற்காலத்தில் உள்ளே நிற்கும் கப்பல்களுக்குப் பாதுகாப்பு இல்லை. வாயிலருகே மணலும் சேர்ந்து வந்தது.

இம்மணல் தெற்கிலிருந்து வருவதாகும். ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மாமல்லபுரம், கோவளம், நாவலூரை அடுத்த கரை வழியாக மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்நகர்வு சில மாதங்களுக்குத் திரும்பினாலும், மொத்தக் கணக்கில் மணல் வடக்கு நோக்கியே செல்கிறது. குறுக்கே நீட்டிய துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தது. தெற்கில் மணல் குவிந்து மெரினா கடற்கரை அகன்றது.

ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயிலைத் திறந்து, அதற்கு மறைவாக ஓர் அலைதாங்கியையும் அமைக்கச் செய்தார். ஆற்றோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கைத் திருப்பிய பழைய அனுபவத்தின் சாயலை இதிலும் காணலாம். 1920 வாக்கில் கப்பல் துறைமேடைகளும், கிடங்குகளும், சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இருப்புப்பாதை முற்றமும் உருவாகியிருந்தன. மசூலாப் படகுகளில் அலைகளுக்கிடையே சரக்கு இறக்கிய காலம் முடிவுக்கு வந்தது. சென்னைக் கரையோர மணல் நகர்வைப் பற்றி இவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையை இலண்டனிலுள்ள கட்டுமானப் பொறியாளர் கழகம் வெளியிட்டது.

வடகரையின் அரிப்பு

ஸ்பிரிங்கின் மாற்றம் துறைமுகத்தைக் காத்ததே தவிர வடகரையைக் காக்கவில்லை. தெற்கில் தங்கிய மணல் வடக்கே செல்லாததால், துறைமுகம் தொடங்கிய நாளிலிருந்தே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் கடல் உள்ளே வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856இல் புறப்பட்ட இராயபுரம் நிலையமும் இக்கரைக்கு அருகிலேயே உள்ளது. நிலத்தையும் குடியிருப்புகளையும் இழந்தோர் பெரும்பாலும் மீனவர்களே என்பது துறைமுக வரலாறுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. பிற்காலத்தில் கருங்கல் சுவர்களும், 2000களில் தூண்டில் வளைவுகளும் அங்கு அமைக்கப்பட்டன. தூண்டில் வளைவும் மணலைத் தடுப்பதே என்பதால், அரிப்பு அதற்கு வடக்கே நகரும் சிக்கல் தொடர்கிறது.

இராமானுஜன்

1912 மார்ச் 1 அன்று இராமானுஜன் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு பணிபுரிந்த கணித அறிஞர் நாராயண ஐயர் வழியாக அவருடைய திறமையை அறிந்த ஸ்பிரிங், தம் செல்வாக்கை அவருக்காகப் பயன்படுத்தினார். 1913 பிப்ரவரியில் துறைமுகத்திற்கு வந்த வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம் இராமானுஜனின் குறிப்புகளைக் காட்டினார். வாக்கரின் பரிந்துரையைத் தொடர்ந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறியதும் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஆகும்.

ஸ்பிரிங்குக்கு 1911இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1919இல் பதவியிலிருந்து விலகிய இவர் 1933இல் காலமானார். சென்னைத் துறைமுகத்திலுள்ள ஸ்பிரிங் ஹேவன் துறைமேடை இவர் பெயரைக் கொண்டது.