அம்மா இல்லை, அப்பா இல்லை... ஆனா ஒரு ரதம் இருந்தது!

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போற ரோட்டுல நிக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. சுத்திலும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல ஏறின மிளகுக்கொடி. திடீர்னு பனி இறங்குது. பத்தடிக்கு அப்பால எதுவும் தெரியல. சிக்னலும் போச்சு. போன்ல டவுன்லோடு பண்ணி வெச்ச ஃபேன்டஸி நாவலைத் திறக்கிறீங்க. அப்பா, அம்மா இல்லாத ஒரு பையன், வேற உலகத்துக்கு ஒரு பயணம்... திரும்பும்போது அவன் ஆளே மாறியிருப்பான்.

அப்படி ஒரு பயணத்தை நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிட்டார். அந்தப் பையனாவும் அவரே வாழ்ந்திருக்கார்.

1882 டிசம்பர் 11, எட்டயபுரம். சின்னசாமி ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் பிறந்த பிள்ளையை வீட்டுல சுப்பையான்னு கூப்பிட்டாங்க. அஞ்சு வயசுல அம்மா போயிட்டாங்க. சின்ன வயசுலயே கவிபாடி 'பாரதி' பட்டம் வாங்கினார். 14 வயசுல கல்யாணம். மணப்பெண் செல்லம்மாவுக்கு 7 வயசு. அடுத்த வருஷமே, 1898-ல், பஞ்சாலைத் தொழில்ல நொடிச்சுப்போன அப்பாவும் இறந்துட்டார். பட்டம் இருக்கு, கல்யாணம் ஆகியிருக்கு, கையில காசு இல்லை. வயசு 15.

கைகொடுத்தது காசியில் இருந்த அத்தை குப்பம்மாள். கங்கைக்கரையில, அனுமான் காட் வீட்டுல தங்கி, சம்ஸ்கிருதமும் இந்தியும் படிச்சார். குடுமியை எடுத்தார், மீசை வெச்சார், தலைப்பாகை கட்டினார். இன்னிக்கு நீங்க டி-ஷர்ட்டுல பார்க்கிற பாரதி முகம், அந்த அநாதைப் பையன் தனக்குத்தானே செஞ்சுக்கிட்ட முகம்.

அப்புறம் மதுரையில சில மாசம் தமிழ் வாத்தியார் வேலை, சென்னையில பத்திரிகை, போலீஸ் நெருக்கடி. 1908-ல் பிரெஞ்சுக்காரங்க ஆண்ட புதுச்சேரிக்குப் போனார். 1910-ல் அவரோட 'ஞானரதம்' புத்தகமா வந்தது.

அதுல மந்திரக்கோல் கிடையாது. திருவல்லிக்கேணியில இருக்கிற ஒரு ஆள், ஞானத்தையே ரதமாக்கி ஏறிப் போறார். முதல்ல கவலையே இல்லாத உபசாந்தி லோகம். ஆனா மனசை விட்டாத்தான் உள்ளே போக முடியும். மனசு நடுங்குது. அதை விட மனசில்லாம வாசலோட திரும்பிடறார். அப்புறம் கந்தர்வ லோகம், சத்திய லோகம்னு ரதம் ஓடுது. நடுவுல மண்ணுலகமும் வருது.

அந்த வாசல்ல கொஞ்சம் நில்லுங்க. அம்மா, அப்பா, ஊர்னு ஒவ்வொண்ணா இழந்தவருக்கு, வலியே இல்லாத இடம் கிடைச்சா எவ்வளவு ஆசையா இருந்திருக்கும்! இருந்தும் வலிக்கிற அந்த மனசை அவர் கைவிடல. சின்ன வயசுல இருந்து கூடவே வந்த துணை அது ஒண்ணுதானே!

1921 செப்டம்பர்ல, 38 வயசுல, பாரதி காலமானார். வறுமை கடைசிவரைக்கும் விடல. ரதம் வீட்டுக் கஷ்டத்தைத் தீர்க்கலதான். ஆனா அந்தக் கஷ்டத்துக்குள்ள இருந்தபடியே அவரை எழுத வெச்சது.

நாகலூர்ல பனி விலகுதா? சிக்னல் வந்ததும் ரீல்ஸுக்கு ஓடாதீங்க. ஞானரதம் சின்னப் புத்தகம்தான். ஒருமுறை ஏறிப் பாருங்க. மனசையும் கூடவே கூட்டிட்டுப் போங்க.