விறாந்தைக் கிராதியைச் சோதித்த மருத்துவர்

மட்டக்களப்பு வாவிக்கரையில் பழைய வீடொன்றைப் புதுப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உப்புக்காற்றும் வெயிலும் பட்டு உதிரும் வர்ணத்தை வேலையாட்கள் உலர்ந்தபடியே சுரண்டுவர். வீட்டுக் குழந்தை அருகே நின்று வேடிக்கை பார்க்கும். இக்காட்சி ஜோன் லொக்ஹார்ட் கிப்சனை நினைவூட்டுவதாகும்.

கிப்சன் எடின்பரோவில் மருத்துவம் பயின்று, அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் கண் மருத்துவராய் விளங்கியவர். அந்நகர்ச் சிறார் மருத்துவமனைக்குக் கைகால் சோர்ந்தும், வயிறு நொந்தும், பார்வை மங்கியும் குழந்தைகள் வந்தவண்ணமிருந்தனர். அது ஈய நஞ்சின் வேலை என்பதை 1892ஆம் ஆண்டில் அவரும், ஜெபரிஸ் ரேணர் என்ற மருத்துவரும் தெளிந்தனர். (ரேணர் அந்துப்பூச்சி ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றவர்.) ஆனால், ஈயம் எவ்வழியே வந்தது? தொழிலாளரைப் பற்றும் நோயென்றே உலகம் அறிந்திருந்த ஒன்று, பால்மணம் மாறாத பிள்ளைகளை எங்ஙனம் பற்றும்? மழைநீர்த் தொட்டிகள் மீதும் ஐயம் எழுந்தது.

விடை வீட்டு விறாந்தையிலேயே இருந்தது. குயின்ஸ்லாந்தின் கடும் வெயிலில், ஈயம் கலந்த வர்ணம் கிராதிகளில் மாவாய்ப் பொடிந்தது. அங்கே விளையாடும் பிள்ளைகளின் கையில் அது ஒட்டிற்று; விரல் சூப்பும், நகம் கடிக்கும் பிள்ளைகளின் வாய்க்குள் சென்றது. இதனை 1904இல் கிப்சன் வெளியிட்டபோது, உடன்தொழில் புரிந்த பலர் ஏற்கவில்லை. அவரோ ஓயவில்லை. குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் ஈய வர்ணம் பூசுவதைத் தடுக்கும் சட்டம் குயின்ஸ்லாந்தில் 1922இல்தான் பிறந்தது. முப்பது ஆண்டுகள்! எத்தனை கண்கள் அதற்குள் ஒளி குன்றினவோ?

சட்டம் புதுப்பூச்சைத் தடுக்கும். பழைய பூச்சை உரித்துத் தராது. அடியிலுள்ள அடுக்கு அப்படியே கிடக்கிறது. ஆகையால், வீடு புதுப்பிப்போருக்கு இன்று தரப்படும் பயிற்சி, கிப்சன் கண்ட அத்தூளைப் பற்றியதே. நீர் தெளித்து நனைத்தபின் சுரண்டுதல், தீயால் வர்ணத்தை எரிக்காதிருத்தல், நிலத்தில் விரிப்பிட்டுத் தூளைச் சேர்த்தெடுத்தல், ஈரத்துணியால் துடைத்தல், உண்ணுமுன் கை கழுவுதல், வேலையுடையோடு வீடு செல்லாதிருத்தல் ஆகியன அதில் அடங்கும். எளியவைதாம், ஆயினும், திருவிழாவுக்கு முன் முடித்துத் தரவேண்டுமென வீட்டுக்காரர் நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவன இவையே. குறை பூசுவோரிடம் மட்டுமன்று.

கிப்சன் 1944இல் மறைந்தார். வீட்டு வர்ணத்தில் ஈயத்தை அமெரிக்கா தடுக்க அதன்பின் 34 ஆண்டுகள் சென்றன. நம் இலங்கையில் வர்ணத்திலுள்ள ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்.