மில்லுக் கணக்கர் டாப்ளர்

திண்டுக்கல்லைச் சுற்றி எங்கு பார்த்தாலும் நூல் மில்லுதான். நான் சொல்லப்போகும் விஞ்ஞானியும் ஒரு காலத்தில் பஞ்சு மில்லில் கணக்கு எழுதியவர்தான். பெயர் கிறிஸ்டியன் டாப்ளர்.

போன வருஷம் மலைக்கோட்டை ஏறும்போது எங்க அக்கா மகள் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டா. முதலில் எடுத்த எக்கோவில் இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருந்தது தெரிந்தது. காரணம் தெரியல. பிறகு மதுரையில் மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் இறக்கிப் பார்த்தார்கள். அந்தக் குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் போவதால், மேலறைகள் அங்கிருந்து தெளிவாகத் தெரியுமாம். இந்த மாதிரி ஓட்டை பெரும்பாலும் மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரின் நடுவில் இருக்கும். இவளுக்கோ உச்சியில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில். சைனஸ் வெனோசஸ் வகை, அபூர்வம்.

டாக்டர் படத்தைப் போட்டுக் காட்டினார். இடப்பக்கத்து ரத்தம் ஓட்டை வழியாக வலப்பக்கம் பாய்வது வண்ணமாகத் தெரிந்தது. அது கலர் டாப்ளராம். நம்ம பிசிக்ஸ் புத்தகத்துல ரயில் விசில் கணக்கில் வருகிற அதே டாப்ளர்!

அவர் 1803 நவம்பர் 29 அன்று ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தார். கல் செதுக்கத் தெம்பில்லாத உடம்பு. அதனால் படிக்க அனுப்பினார்கள். வியன்னா பாலிடெக்னிக்கில் படித்தார். ஆமாம், நம்மைப் போல பாலிடெக்னிக்தான்! படிப்புக்கேற்ற நிரந்தர வேலை கிடைக்காமல் ஒன்றரை வருஷம் மில்லில் கணக்கராக இருந்தார். வெறுத்துப்போய், இருந்த சாமானை விற்று 1835ல் அமெரிக்கா கிளம்பத் தயாரானபோது பிராக் நகரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. 1841ல் பிராக் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் ஆனார்.

1842 மே 25 அன்று தன் கருத்தைப் படித்தார். அலை தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அதிர்வெண் கூடும். விலகிப் போனால் குறையும். விண்மீன்களின் நிறத்துக்கு இதுவே காரணம் என்று அவர் நினைத்தது தப்பு. ஆனால் தத்துவம் சரி. 1845ல் நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதவைத்துச் சோதித்தார்கள். சரியாக வந்தது. ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் அதே கணக்குத்தான்.

அவர் 1853 மார்ச் 17 அன்று வெனிஸில் நுரையீரல் நோயால் இறந்தார். வயது 49தான். சரியாக 100 வருஷம் கழித்து, 1953ல், ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியைக் கப்பல் பட்டறையிலிருந்து இரவல் வாங்கி, இதயத்தை ஒலியால் பார்த்தார்கள். டாப்ளரின் கணக்கு அதனோடு சேர்ந்தது பிற்பாடு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன மாசம் எங்க பொண்ணு எங்கும் உட்காராமல் கோட்டை உச்சிக்குப் போய்விட்டாள். நான்தான் மூச்சு வாங்கினேன்.

அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, டிப்ளமோதானே என்று உங்களை நீங்களே குறைத்து எடைபோடாதீர்கள். மில்லுக் கணக்கர் போட்ட கணக்குதான் எங்க வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றியது.