சிறையில் பார்த்த பெண்களுக்காக வக்கீல் ஆனவர்! - துர்காபாய் தேஷ்முக்கைத் தெரியுமா உங்களுக்கு?

டெல்லி மெட்ரோ பிங்க் லைன்ல போயிருக்கீங்களா? 'துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ்'னு ஒரு ஸ்டேஷன் வரும். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்துலயும் அதே பேர்ல ஒரு சாலை இருக்கு. மேப்ல பார்த்துட்டே கடந்துபோயிருப்பீங்க. யார் இவங்க?

1909-ம் ஆண்டு ஜூலை 15-ம் தேதி, ராஜமுந்திரியில் பிறந்தவர் துர்காபாய். 8 வயதில் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். விவரம் புரிந்த வயதில், அந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிச் சொன்னதே பெரிய விஷயம். அப்பாவும் சகோதரரும் அவர் பக்கம் நின்றது அதைவிடப் பெரிய விஷயம்.

1923-ல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு. அங்கே நடந்த கதர் கண்காட்சியின் வாசலில் தொண்டராக நின்றவர் 14 வயது துர்காபாய். டிக்கெட் இல்லாமல் வந்த ஒருவரைத் தடுத்து நிறுத்திவிட்டார். வந்தவர் ஜவஹர்லால் நேரு! டிக்கெட் வாங்கிய பிறகுதான் உள்ளே விட்டார்.

சிறை காட்டிய வழி

1930-ல் மெட்ராஸில் உப்பு சத்தியாகிரகத்தில் இறங்கியவரை, அடுத்த சில வருஷங்களில் மூன்று முறை சிறையில் அடைத்தார்கள். மதுரை சிறையில், தூக்குத் தண்டனைக் கைதிகளின் அறைகளுக்குப் பக்கத்தில் தனிமைச் சிறை. உடம்பு ரொம்பவே கெட்டுப்போனது.

ஆனால், அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது வேலூர் சிறை. அங்கே எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலரைச் சந்தித்தார். தங்கள் மேல் என்ன வழக்கு என்றே புரியாமல், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை அனுபவித்தவர்களும் அவர்களில் உண்டு. யோசிச்சுப் பாருங்க... பக்கத்துல நின்னு பேச ஒரு ஆள் இருந்திருந்தா, அவங்க வீட்டுல இருந்திருப்பாங்க. இவர்களுக்காகவே சட்டம் படிப்பது என்று முடிவெடுத்தார்.

ஆனா, ஒரு சிக்கல். ஆங்கில வழிக் கல்வியை எதிர்த்து 12 வயதிலேயே பள்ளியை விட்டு வெளியேறியவர் அவர். அதனால், 20 வயதைத் தாண்டிய பிறகு மெட்ரிகுலேஷனில் இருந்து ஆரம்பித்தார். பனாரஸ் பல்கலைக்கழகத் தேர்வில் ஜெயித்து, பி.ஏ படிக்க ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், பெண்களுக்கு ஹாஸ்டலே இல்லை என்றார்கள். நாமளா இருந்தா திரும்பி வந்திருப்போம். அவர், ஹாஸ்டல் இல்லாததால் படிக்க முடியாமல் இருக்கும் பெண்கள் தொடர்புகொள்ளலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஹாஸ்டலையே ஆரம்பித்துவிட்டார்!

தான் படித்ததோடு நிற்கவில்லை. மெட்ராஸில் தன் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதுதான் 1937-ல் 'ஆந்திர மகிளா சபா'வாக வளர்ந்தது. பின்னாளில் பள்ளி, பயிற்சி நிலையம், மருத்துவமனை என விரிந்தது.

கோர்ட்டில் இருந்து அரசியல் நிர்ணய சபைக்கு

சட்டம் முடித்து 1942-ல் மெட்ராஸில் வக்கீலானார். கிரிமினல் வழக்குகளில் பேர் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அவையை நடத்தும் தலைவர்கள் குழுவில் இருந்த ஒரே பெண் அவர்தான். மாநிலங்களவைக்கு வர 35 வயது ஆக வேண்டும் என்றிருந்ததை 30-ஆகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும் விடாமல் பேசினார்.

இவ்வளவு செய்தவர், 1952 தேர்தலில் தோற்றுப்போனார். அதோட ஒதுங்கிடல. திட்டக் கமிஷனில் உறுப்பினராகி, 1953-ல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். நாடு முழுக்க இருந்த தொண்டு நிறுவனங்களுக்கு அரசு உதவி போய்ச்சேர வழி செய்தது இந்த வாரியம்தான். அதே வருஷம் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக்கைத் திருமணம் செய்துகொண்டார். சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் ஒருவர், 30 வருஷத்துக்கு முன்னால் வாசலில் மடக்கப்பட்ட அதே நேரு!

குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று 1950-களிலேயே வலியுறுத்தினார். 1975-ல் பத்ம விபூஷண் பெற்றவர், 1981 மே 9-ல் காலமானார். குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது 1984-ல்தான்.

கடைசியா ஒண்ணு. சிறுவயதில் அவருக்குக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர், பிறகு வேறொரு பெண்ணை மணந்திருந்தார். அவர் இறந்ததும் அந்தப் பெண் தனியாகத் தவித்தார். அவரை அழைத்துவந்து, சபாவில் தொழில் கற்றுக்கொடுத்து, சொந்தக் காலில் நிற்கவைத்தார் துர்காபாய். எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அடுத்த முறை அந்த ஸ்டேஷன் பேரைக் கேட்டா, பக்கத்து சீட்ல இருக்கிறவங்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்க!