பத்து வெள்ளிக் கணக்கு



நான் கிள்ளான்வாசி. காலையில கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் வழியாக நடந்துதான் வகுப்புக்குப் போவேன். பூக்கடை, தோசைக்கடை, இசைத்தட்டு போடும் கடை எல்லாம் தாண்டிப் போகும் அந்தச் சாலைக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு மோனோரயில் நிலையமும் இருக்கிறது. இரண்டு வருஷம் தினமும் அந்தப் பலகைக்குக் கீழே நடந்திருக்கிறேன். யார் அந்தத் துன் சம்பந்தன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சாலைக்கு ஏதோ ஒரு பெயர் என்றுதான் நினைத்தேன்.

யோசிக்க வைத்தது எங்க வீட்டுக் கடன். அப்பா உடம்பு சரியில்லாமல் சில மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த நேரத்தில் மூன்று இடத்தில் வாங்கிய கடன் 18,400 வெள்ளி ஆகிவிட்டது. ஒரு நாள் ராத்திரி அம்மா கடையில் விற்கும் அந்தச் சின்ன 555 நோட்டை எடுத்து, அன்றைக்கு ஆன செலவை எழுத ஆரம்பித்தார்கள். மீன் 12 வெள்ளி, கேஸ், அப்பா மருந்து, என் பஸ் காசு எல்லாம் எழுதினார்கள். நான் சிரித்தேன். கைப்பேசியில எவ்வளவோ செயலி இருக்கு, இந்தக் காலத்துல நோட்டா என்று கேட்டேன். மாதக் கடைசியில் அம்மா கூட்டிக் காட்டியபோது சிரிப்பு போய்விட்டது. வெளியே நான் குடித்த தே ஆயிஸும், சாப்பாடும் மட்டும் 214 வெள்ளி.

அப்போதுதான் பாட்டி ஒரு விஷயம் சொன்னார்கள். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தக் காலத்தில் தோட்டக் கடையில் கடன் எழுதி வைப்பார்கள், சம்பள நாளில் கழிப்பார்கள், மறுநாளே மறுபடி கடன். அப்படிப்பட்ட ஜனங்களிடம் போய்ப் பத்து வெள்ளி எடுத்து வையுங்கள், தோட்டத்தையே வாங்கலாம் என்று ஒரு மனுஷன் சொன்னார் தம்பி என்றார்கள். அந்த மனுஷன்தான் துன் சம்பந்தன். இனி அவர் கதையைச் சொல்கிறேன்.

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16-ஆம் தேதி பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். முழுப்பெயர் திருஞானசம்பந்தன். மூன்று வயதில் பதிகம் பாடிய நம் ஞானசம்பந்தப் பெருமானின் பெயர். அப்பா வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்து, உழைத்து, சொந்தமாக ரப்பர் நிலம் சேர்த்தவர். அதனால் பையனுக்குப் பசி தெரியாத இளமை. கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், வசதியாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது தோட்டப்புறம். சுங்கை சிப்புட்டில் தோட்டப் பிள்ளைகள் படிக்க மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி எழுந்ததற்கு அவரே முக்கிய காரணம். 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார். 1955-இல் சம்பந்தன் ம.இ.கா.வின் தலைவரானார். அதே வருஷம் நடந்த பொதுத்தேர்தலில் ஜெயித்துத் தொழிலாளர் அமைச்சரானார். 1957-இல் சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தந்தி என்று பல அமைச்சுகளைப் பார்த்தார்.

சுதந்திரம் வந்தது எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் தோட்டப்புறத்துக்கு அதோடு ஒரு பயமும் வந்தது. நாட்டின் எதிர்காலம் எப்படி இருக்குமோ என்று நினைத்த வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்க ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி லாபத்துக்கு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இதைத்தான் சொல்வார்கள்.

இதன் வலி என்ன என்று என்னை மாதிரி டவுனில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியாது. தோட்டத் தொழிலாளிக்கு வேலை, வீடு, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில் எல்லாமே தோட்டத்துக்குள்தான். லயத்து வீடு அவருடையது இல்லை. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் துண்டாகும்போது ஒரு குடும்பம் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தது. அப்படி வெளியேறியவர்களில் பலர் பிற்பாடு டவுன் ஓரங்களில் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியேறினார்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அப்படி வந்த குடும்பங்கள் உண்டு.

இந்தச் சமயத்தில் சம்பந்தன் செய்ததுதான் பெரிய வேலை. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. யோசனை ரொம்ப எளிமையானது. தோட்டத்தை யாரோ வாங்கித் துண்டு போடுவதற்கு முன்னால், அங்கே வேலை செய்கிறவர்களே காசு சேர்த்து வாங்கிவிடுவது. கூட்டுறவு என்றால் பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். லாபம் வந்தால் பங்குக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்ளலாம்.

யோசனை எளிமை, காசு எங்கே? இங்கேதான் அந்தப் பத்து வெள்ளி வருகிறது. தொழிலாளர்களிடம் கேட்டது பத்துப் பத்து வெள்ளிதான். இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆனால் அன்றைக்குப் பால்வெட்டுக்காரரின் நாள் கூலி சுமார் 3 வெள்ளி. விடியாத இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாக வெட்டினால்தான் அதுவும். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆக, பத்து வெள்ளி என்பது மூன்று நாளுக்கும் மேலான உழைப்பு. கடைக்காரர் நோட்டில் ஏற்கெனவே கடன் இருக்கும்போது அதை எடுத்து வைப்பது லேசா? அரிசியில் குறைக்கணும், பண்டிகைத் துணியில் குறைக்கணும். கள்ளுக்கடைப் பக்கம் போகாமல் இருக்கணும்.

நம்பிக்கையும் சுலபமாக வரவில்லை. கங்காணி காலத்திலிருந்து ஏமாந்தே பழகிய ஜனங்கள். காசு கொடுத்தால் திரும்பி வருமா என்ற சந்தேகம் நியாயம்தான். அதனால் அமைச்சராக இருந்தும் சம்பந்தன் மேசையில் உட்கார்ந்துவிடவில்லை. தோட்டம் தோட்டமாகப் போனார். மனைவி உமா அவர்களும் கூடப் போனார். லயத்து ஜனங்களை நேரில் பார்த்து விளக்கினார்கள். காசு சேர்ந்தது. 1961-இல் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமானது. முந்தின நாள் வரை கூலி என்று அழைக்கப்பட்டவர்கள் பங்குதாரர் ஆனார்கள். அதைத் தொடர்ந்து இன்னும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன.

எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடிந்ததா என்றால், இல்லை. துண்டாடப்பட்டவை நிறைய. சங்கத்தில் சேராதவர்களும் நிறைய. ஆனால் சேர்ந்தவர்களுக்கு, காலுக்குக் கீழே இருந்த மண் நின்றது. அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் சுலைமானில் அதன் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தூரமில்லை, ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

1972-இல் அவர் தேசிய ஒற்றுமை அமைச்சரானார். 1973-இல் ஒரு நாள் மட்டும் இடைக்காலப் பிரதமராகவும் பொறுப்பு பார்த்திருக்கிறார். அதே வருஷம் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். 1979 மே 18-ஆம் தேதி காலமானார், வயது 59. அரசியலுக்கு வரும்போது வசதியான தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. பதவியிலிருந்து போகும்போது கையில் இருந்தது வந்தபோது இருந்ததைவிடக் குறைவு. பதவிக்கு வந்து சேர்த்துக்கொண்டவர்களைத்தான் நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். இது தலைகீழ்க் கணக்கு. அவருக்குப் பிறகு உமா அவர்கள் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தினார்.

இந்தக் கதை தெரிந்த பிறகு அம்மாவின் 555 நோட்டை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். வரவு சின்னதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, செலவு அதைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியதுதான், வீட்டில் செய்து பார்க்கவில்லை. இப்போது ராத்திரி சாப்பிட்டதும் நாலு பேரும் அன்றைய செலவைச் சொல்கிறோம், தங்கை எழுதுகிறாள். யாரையும் திட்டக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். திட்டினால் அடுத்த நாள் பொய் சொல்வோம், பொய்க் கணக்கால் கடன் அடையாது. வட்டி அதிகமான கடனுக்கு முதலில் கூடுதலாகக் கட்டுகிறோம். ஒன்றரை வருஷத்தில் மொத்தக் கடன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நான் காலையில் வீட்டிலிருந்தே தண்ணியும் பொட்டலமும் கொண்டு போகிறேன். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது, இப்போது இல்லை.

நண்பர்களே, நம்மில் பல பேர் வீட்டில் கடன் இருக்கிறது. அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம், வீட்டுக்குள்ளேயும் பேசுவதில்லை. அப்பா தனியாகச் சுமப்பார், அம்மா நகையைக் கழற்றுவார்கள், நாம் புது கைப்பேசி கேட்போம். மூன்று வெள்ளிக் கூலியில் பத்து வெள்ளி எடுத்து வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டை எடுத்து, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, இன்றைய செலவை மட்டும் எழுதிப் பாருங்கள். அடுத்த முறை ஜாலான் துன் சம்பந்தன் பலகையைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பாருங்கள். நான் இப்போதெல்லாம் பார்க்கிறேன்.