ஆட்டிசத்துக்கு அம்மாதான் காரணமா? பழி சொல்லிப் பின்வாங்கிய டாக்டர் லியோ கானர்

உத்திரமேரூர் பக்கம் எந்தக் கிராமமா இருந்தாலும் சரி, மூணு வயசாகியும் பிள்ளை பேசலைன்னா முதல் பழி அம்மா மேலதான் விழும். கையில செல்போனைக் கொடுத்துட்டா, பிள்ளைகிட்ட பேசுறதே இல்லை... ஆட்டிசத்தை உலகுக்கு அடையாளம் காட்டிய டாக்டரே ஒரு காலத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்.

அவர் லியோ கானர். 1894-ல், இன்றைய உக்ரைனில் உள்ள ஒரு கிராமத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் மருத்துவம் படித்து, 1924-ல் அமெரிக்கா போனார். 1930-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவைத் தொடங்கினார்.

1938-ல் மிசிசிப்பியிலிருந்து ஒரு அப்பா 33 பக்கக் கடிதம் அனுப்பினார். ஐந்து வயது மகன் டொனால்டுக்கு எண்கள் அத்துப்படி. ஆனால் மனிதர்களைக் கண்டுகொள்ள மாட்டான். அவனையும் சேர்த்து 11 குழந்தைகளைப் பற்றி 1943-ல் கானர் எழுதியதுதான் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை. (சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா 1925-லேயே இப்படிப்பட்ட பிள்ளைகளை விவரித்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.)

இது பிறவியிலேயே வருவது என்று அதில் எழுதியவர், சில வருடங்களில் பெற்றோரின் பாசக்குறைவையும் குற்றம் சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்கள் அதை இன்னும் ஊதிப் பெரிதாக்கினார்கள். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதே வைத்தியம் என்றானது. எத்தனை அம்மாக்கள் அந்தக் குற்ற உணர்ச்சியோடயே வாழ்ந்திருப்பாங்க!

1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில், அவர்கள் மேல் தவறில்லை என்று கானர் வெளிப்படையாக அறிவித்தார். ரொம்ப லேட்டுதான்.

1971-ல் அதே 11 பேரையும் தேடிப் பார்த்தார். பெரிய அரசு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்திருந்தார்கள். டொனால்டு தங்கியதோ ஒரு விவசாயத் தம்பதியிடம். எதையும் அளக்கும் அவன் பழக்கத்தை அவர்கள் தடுக்கவில்லை. கிணறு தோண்டி ஆழத்தை அளக்கச் சொன்னார்கள். பிறகு ஊர்ப் பள்ளி, கல்லூரி, வங்கி வேலை. 2023-ல், 89 வயதில் இறந்தார். கானர் 1981-லேயே காலமாகியிருந்தார்.

இந்தியாவின் 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் இடம்பெற்றது. தமிழகத்தில் இப்போது ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தருகிறார்கள். அவர்கள் வராத நாட்களில்? பெரும்பாலும் அந்த அம்மாதான் டீச்சர்.